மொட்டை மாடிக்கு ஜுரம்

2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரை மணி. மாடி அறையில் ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தோசைக்கல்லைக் கால் மணி நேரம் கழித்துத் தொட்ட மாதிரி இருந்தது. சூரியன் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் கூரைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில், கடலிலிருந்து நடக்கிற தூரம். கீழ்த்தளம் தாத்தா கட்டியது, மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய வகைக் கூரை. மாடி 1998-இல் அப்பா எழுப்பியது, ஐந்தங்குல கான்கிரீட் தளம். மேலே 480 சதுர அடி மொட்டை மாடி. மாடியில் ஒரு ஏசி இருக்கிறது. பிள்ளைகள் அறைக்கு இன்னொன்று வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் கரண்ட் பில் வந்தது: இரண்டு மாதத்துக்கு 640 யூனிட். 500-ஐத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வயிற்றெரிச்சல். இரண்டாவது ஏசியும் வந்தால் எங்கே போய் நிற்கும்?

அதே வாரம் சித்தப்பா மகன் மாதவரம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தான். விளம்பரத் தாளில் பச்சை இலை போட்டு 'பசுமைக் கட்டடம், கோல்டு' என்று அச்சடித்திருந்தார்கள். "ஏசியே தேவப்படாதாம்ணா" என்றான். அந்த இலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

இங்கே புழக்கத்தில் இருக்கும் சான்றிதழ்கள் மூன்று நான்கு. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஜிபிசி, அதாவது இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில், 2001-இல் தொடங்கியது. அதில் சர்ட்டிஃபைட், சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிகள். டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கிருஹாவில் ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம். சின்னக் கட்டடங்களுக்கு ஸ்வகிருஹா என்று தனியாக ஒன்று. உலக வங்கிக் குழுமத்தின் எட்ஜ் சான்றிதழில் மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள்களைத் தயாரிக்கச் செலவாகும் ஆற்றல் ஆகிய மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிட 20 சதவீதமாவது மிச்சம் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் மென்பொருள் இலவசம். இரண்டு ராத்திரி அதோடு விளையாடினேன்.

சித்தப்பா மகன் விஷயத்தில் ஒன்று தெரிந்தது. அவனிடம் இருந்தது முன்சான்றிதழ். வரைபடத்தையும் திட்டத்தையும் பார்த்துத் தருவது அது. கட்டி முடித்த பிறகு ஆவணங்களோடு மறுபடி பரிசோதித்துத்தான் இறுதிச் சான்றிதழ் வரும். "கடைசி சான்றிதழ் எந்தப் படியில வரும்னு எழுதி வாங்கிக்க" என்று சொன்னேன். அப்புறம் இன்னொன்றும் கேட்டேன்: "உன் வீடு எத்தனாவது மாடி?" கடைசி மாடியாம். மதிப்பெண் என்பது தண்ணீர், குப்பை, மரம், விளக்கு, கூரை எல்லாவற்றையும் கூட்டிப் போடுவது. மொத்தத்தில் கோல்டு வாங்கிய கட்டடத்திலும் மேல்மாடிக்காரன் வேர்த்துக்கொண்டு கிடக்கலாம். தளத்துக்கு மேல் என்ன போடுகிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். கேட்டானா என்று தெரியவில்லை.

எனக்கு உருப்படியாக உதவியது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா. குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் அது பேசுகிறது. எங்கள் மனை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் அதிலிருந்து இரண்டு எண்களை எடுத்துக்கொண்டேன். கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட் வெப்பத்துக்கு மேல் கசியக் கூடாது. அடுத்து, சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊரில், திறக்கக்கூடிய ஜன்னல் கதவுப் பரப்பு வீட்டுத் தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும். சுவருக்கும் ஒரு கணக்கு உண்டு. நீளமானது, அதை விட்டுவிட்டேன்.

எங்கள் கூரைக்குக் கணக்குப் போட்டேன். ஐந்தங்குல கான்கிரீட், மேலே மூன்றங்குல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதன்மேல் தட்டோடு. எல்லாம் காய்ந்து நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலே 2.3 வந்தது. எங்கள் ஓட்டிலோ இடுக்கெல்லாம் வெடிப்பு. தண்ணீர் ஊறிய ஜல்லி வெப்பத்தை இன்னும் தாராளமாக உள்ளே விடும்.

கணக்கு கிடக்கட்டும், அளந்து பார்க்கலாம் என்று துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கினேன், 1,200 ரூபாய். பளபளப்பான உலோகத்தில் அது தப்பாகக் காட்டும். ஓடு, சுவர், கான்கிரீட்டுக்குப் போதும். காலை ஆறு மணியிலிருந்து மணிக்கொரு முறை அளந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடி ஓடு 58 டிகிரி. அப்போது உள்கூரை 37 தான். உள்கூரை உச்சத்துக்குப் போனது ராத்திரி ஏழரைக்கு: 42. பகலில் வாங்கிய வெயிலைத் தளம் சேமித்துவைத்து, நாங்கள் சாப்பிட்டுப் படுக்கப்போகும் நேரம் பார்த்துக் கொட்டுகிறது.

கீழே பின்கட்டுச் சமையலறைக்கு மேல் மாடி கிடையாது. தாத்தாவின் மெட்ராஸ் டெரஸ் அங்கே நேராக வெயில் வாங்குகிறது. அதன் உள்பக்கத்தை அளந்தேன். 35-ஐத் தாண்டவே இல்லை. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிய தளம் அது. கனமும் அதிகம், எல்லாமே கான்கிரீட்டைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள். அதற்காக இன்றைக்கு மெட்ராஸ் டெரஸ் போடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த உத்தரத்தில் செல் ஏறி, போன வருஷம் ஒன்றை மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் வேலையை மலிவாக முடிக்கப் பார்த்தேன். ஜூன் மாதம் சுண்ணாம்பு, வெள்ளை சிமென்ட், கொஞ்சம் பசை கலந்து நானும் பையனும் இரண்டு கோட்டு அடித்தோம். மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள். அடுத்த நாளே பகலில் மாடித் தரை 58-லிருந்து 44-க்கு இறங்கியது; உள்கூரை ராத்திரியில் 38. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆகஸ்டில் மறுபடி அளந்தால், அதே போல் வெளுத்த ஒரு மதியத்தில் 51. வெள்ளை சாம்பலாகியிருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற உத்தரவால் 2011-இல் எண்ணூர் பக்கம் போய்விட்டது என்றாலும், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஊரில் கொடியில் காயும் பனியனே சாயங்காலத்துக்குள் பழுப்பாகிறது. மொட்டை மாடி எம்மாத்திரம். மீதியை டிசம்பரில் மிக்ஜாம் புயல் பார்த்துக்கொண்டது. மழை நின்ற மூன்றாம் நாள் சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து தண்ணீர்க் குழாய் வாயை அடைத்திருந்தது. தப்பு என்னுடையதுதான். ஓட்டில் இருந்த பாசியையும் தூசியையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல் அவசரத்தில் மேலேயே அடித்தேன். கூடவே உள்கூரையின் வடமேற்கு மூலையில் காரை உப்பி, உள்ளே துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது.

இனி அரைகுறை வேலை வேண்டாம் என்று ஜனவரி 2024-இல் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வியாசர்பாடிக்காரர், அறுபது வயதிருக்கும். நான் வெப்பமானியைத் தரையில் நீட்டி அளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி, மொட்ட மாடிக்கு ஜுரம் பாக்குறியா?"

அவர் யோசனை, பழைய ஓட்டின் மேலேயே புதுசாகப் போட்டுவிடலாம் என்பது. வேலை சுலபம், கூலி குறைவு. ஆனால் மூன்றங்குல ஜல்லி என்பது சதுர மீட்டருக்கு 130 கிலோவுக்கு மேல் எடை. துரு எட்டிப் பார்க்கும் தளத்தின் மேல் இன்னும் கனம் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பழையதை எடுத்துவிட்டால் எடையும் குறையும், தளத்தின் முகமும் தெரியும். அவரும் சரி என்றார். உளி வைத்து ஐந்து நாள் பெயர்த்தார்கள். தெரு முழுக்கத் தூசி; பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

தளம் தெரிந்ததும் முதல் வேலை கம்பி. உப்பிய இடத்தை உள்பக்கமிருந்து கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் மூடினோம். உப்புக்காற்று ஊரில் இதைச் செய்யாமல் மேலே எத்தனை அழகாக ஓடு பதித்தாலும் கதைக்கு உதவாது. அப்புறம் மேலே நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கோட்டு, கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றி. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக மெழுகச் சொன்னேன். அங்கேதான் எப்போதும் வெடிக்கும்.

இதற்குப் பிறகு தண்ணீர் கட்டிப் பார்ப்பது. குழாய் வாயில் மணல் மூட்டையைத் திணித்து, இரண்டங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட்டோம். "பூசுனது நானு, ஒழுவுமா?" என்று மேஸ்திரிக்குக் கோபம். மறுநாள் காலை அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். குழாய் தளத்துக்குள் இறங்கும் இடத்துக்குக் கீழே, உள்கூரையில் ஒரு தட்டு அளவுக்கு ஈர வட்டம். பூச்சில் ஓட்டை இல்லை. பிளாஸ்டிக் குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, அதை 1998-இல் வெறும் சிமென்டால் அப்பியிருந்தார்கள். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் குழாயைச் சுற்றிக் கொத்தி, கிரவுட் என்கிற சுருங்காத நிரப்புக் கலவை ஊற்றி, வலை ஒட்டி, மறுபடி பூசினார். இரண்டாம் முறை தண்ணீர் கட்டினோம். சொட்டு இல்லை. இந்த ஒரு சோதனைக்கு ஆன செலவு ஒரு லாரித் தண்ணீர். ஓடு பதித்த பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வெப்பத்தைத் தடுக்க நான் வாங்கியது ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை. தெர்மாகோலின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். "டிவி வாங்குன டப்பால கீற தெர்மாகோலயே போட்டா ஆவாதா?" என்று மேஸ்திரி கேட்டது கிண்டலுக்கு என்றாலும் கேள்வி நியாயமானது. தெர்மாகோல் உருண்டைகளுக்கு நடுவே சந்து உண்டு. நாளடைவில் தண்ணீர் குடிக்கும், மிதித்தால் அமுங்கும். எக்ஸ்பிஎஸ்ஸின் அறைகள் மூடியவை, தண்ணீரை அவ்வளவாக ஏற்காது, மேலே காரை போட்டு நடந்தாலும் தாங்கும். அதனால் அதை நீர்க்காப்புப் பூச்சுக்கு மேலேயே வைக்கலாம். பூச்சுக்கும் வெயிலிலிருந்து பாதுகாப்பு. கணக்கில் யு மதிப்பு 0.9-க்கு வந்தது. 1.2-க்குள் தாராளமாக அடங்கியது.

இங்கேயும் ஒரு கூத்து. பலகை காற்றில் நகராமல் இருக்க, வீட்டில் கிடந்த தச்சு வேலைப் பசையை அடியில் நாலு இடத்தில் தடவி முதல் பலகையை வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். பசை பட்ட இடமெல்லாம் எலி கடித்தது போல் குழி, ஓரம் சுருங்கி நூல் நூலாக இழுத்தது. பெயின்ட் தின்னர் வாசனை வருகிற எந்தப் பசையும் இந்தப் பலகையைத் தின்றுவிடும். கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதிப் பலகைகளைப் பசையே இல்லாமல், ஓரத்தில் இருக்கும் படிவெட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சும்மா அடுக்கி, செங்கல் பாரம் வைத்தோம். மேலே கோழி வலை விரித்து ஒன்றரை அங்குலக் காரை, குழாய்ப் பக்கம் வாட்டம் வைத்து. வெடிக்காமல் இருக்கப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு வாரம் சாக்கு போட்டு நனைத்தோம். கடைசியில் வெள்ளை வெப்பத்தடுப்பு ஓடு, இடுக்கெல்லாம் கிரவுட். எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 230 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம். இரண்டாவது ஏசியின் விலையைப் போல் மூன்று மடங்கு என்று மனைவி நினைவூட்டினாள்.

ஜன்னல் விஷயம் செலவில்லாமல் முடிந்தது, சண்டையில்லாமல் அல்ல. பிள்ளைகள் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. விதி மொத்த வீட்டுக்கானது என்றாலும் இந்த ஓர் அறைக்குப் பொருத்திப் பார்த்தால் 20 சதுர அடி திறக்க வேண்டும். இருந்ததோ நாலுக்கு நாலு நகர்த்தும் ஜன்னல் இரண்டு. நகர்த்தும் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும்: எட்டும் எட்டும் பதினாறு. அதில் கிழக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு இருபது வருஷமாக அம்மாவின் இரும்பு பீரோ நிற்கிறது. ஆக மிஞ்சியது மேற்கே எட்டு சதுர அடி. கடற்காற்று மதியத்துக்கு மேல் கிழக்கேயிருந்து வருகிறது. நாங்கள் அதற்கு பீரோவின் முதுகைக் காட்டிக்கொண்டு ஏசி வாங்கப் பேசியிருக்கிறோம். பீரோவை நகர்த்துவதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைக்க நான்கு நாள் ஆனது. "உங்கப்பா வச்ச எடம்டா அது" என்பதற்கு எந்த விதித்தொகுப்பிலும் பதில் இல்லை. கடைசியில் நல்ல நாள் பார்த்துத் தெற்குச் சுவருக்கு மாற்றினோம். நகர்த்தும் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பழைய மாதிரி முழுசாகத் திறக்கும் கதவு போடுவது இந்த வருஷ வேலை.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டேன். உள்ளே எத்தனை கனமாகத் திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் அறைக்குள்தானே இருக்கிறது. ஒருவர் வெட்டிவேர்த் தட்டி போட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். வாசனைக்குச் சரி. காற்றே ஈரமாக இருக்கும் இந்த ஊரில் தண்ணீர் ஆவியாகிக் குளிரும் வேலை அவ்வளவாக நடக்காது. ஏர்கூலர் வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு. பழைய ஃபேன் மூன்றையும் கழற்றி, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். 75 வாட்டுக்குப் பதில் 30. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் மூன்று ஃபேனுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 120 யூனிட் மிச்சம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

2024 மே முதல் வாரம், அதே காலண்டர் வித்தை. மதியம் இரண்டு மணிக்கு மாடி ஓடு 41. ராத்திரி ஏழரைக்கு உள்கூரை 35. அந்த இரண்டு மாத பில் 430 யூனிட். ஏசி இன்னும் ஓடத்தான் செய்கிறது. முன்பு சாயங்காலம் ஏழுக்குப் போட்டது இப்போது படுக்கும்போது, அதுவும் சில நாள் மட்டும்.

குறை இல்லாமல் இல்லை. மேற்குச் சுவர் ஒன்பதங்குலச் செங்கல், ராத்திரி எட்டு மணிக்கு இன்னும் 38 காட்டுகிறது. அப்புறம், கூரைக்குக் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிட்டதால் உள்ளே சேர்ந்த சூடு ராத்திரியில் கூரை வழியாக வெளியே போகாது. ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் உண்டு. ஜன்னலைத் திறந்தால் கொசு. வலை அடித்தேன், வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது. ஓடும் அழுக்காகிறது. ஜனவரியில் அளந்து பார்த்து, தேய்த்துக் கழுவி, மறுபடி அளந்தேன்: ஐந்து டிகிரி வித்தியாசம். இப்போது வெயில் ஏறும் முன் மார்ச்சில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை கழுவுகிறோம். கழுவும்போது மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயைத் திருப்பிவிட மறக்கக் கூடாது. முதல் தடவை மறந்து, சோப்புத் தண்ணீரெல்லாம் தொட்டியில் இறங்கி, அதை இறைத்து ஊற்றியதில் அரை நாள் போனது.

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவில்லை. ஒரு கட்டட ஆலோசகரிடம் விசாரித்தேன். தாத்தா காலத்துப் பழைய வீட்டுக்குத் தேவைப்படும் வரைபடம், ரசீது, அளவீடு எல்லாம் தேடி அடுக்குவதற்குள் மேற்குச் சுவர் வேலையை முடித்துவிடலாம் போலிருந்தது. சான்றிதழ்க்காரர்களின் சரிபார்ப்புப் பட்டியலை மட்டும் அச்செடுத்து, அந்தத் தெற்குச் சுவர் பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டில் இந்தக் கூரையைக் குறை சொல்லும் ஒரே ஆள் அம்மா. முன்பெல்லாம் காலையில் பிழிந்த வடகம் சிவப்பு ஓட்டின் சூட்டில் சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிடுமாம். இப்போது இரண்டு நாள் ஆகிறதாம். இந்த ஏப்ரலில் வடகத் துணியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவின் மாடிக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போய் அங்கே அளந்தேன். 57.